புரிஞ்சுது சார்

கணக்கு வாத்தியார் இன்னாசிமுத்து, தன்னைவிடப் பத்து வயதாவது இளைய ஒரு டீச்சரிடம் சீடனாகச் சேரப் போனார்.

கேள்விப்பட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கத்தானே செய்வார்கள்? திண்டுக்கல் பக்கத்தில் அந்த டவுன் பள்ளிக்கூடத்தில் இன்னாசிமுத்து சார் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவர் பாடம் எடுக்கும்போது பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் சன்னலோரம் வந்து நிற்பார்கள். வட்டத்தைப் பற்றிச் சொன்னால் தானே வட்டமாகச் சுற்றுவார். வர்க்கமூலம் என்றால் தரையில் மண்டிபோட்டு வேரைத் தோண்டி எடுப்பது போல நடிப்பார். பாடம் முடிந்தால் கைதட்டல். கணக்கு வாத்தியாருக்குக் கைதட்டல் விழுகிற ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

கடைசியில் அவர் கேட்பார்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சா...ர்!"

கூரை அதிரும். அந்தச் சத்தத்தில்தான் மனுஷருக்குச் சாப்பிட்ட சாப்பாடு செரித்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. ஜெனிபா கணக்கில் தோற்றுப்போனாள்.

ஜெனிபா முதல் பெஞ்சுக்காரி. எல்லோருக்கும் முந்திக் கை தட்டுகிறவள். "புரிஞ்சுது சார்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறவள். ஆசிரியர் தினத்துக்கு அவருக்கு ரோஜாப்பூ கொண்டுவந்து, கொடுக்க வெட்கப்பட்டு, மேசையில் வைத்துவிட்டு ஓடியவள்.

இன்னாசிமுத்து அவள் வீட்டுக்கே போனார். அந்தப் பெண் அவரைக் கண்டதும் அழுதுவிட்டாள்.

"மன்னிச்சிருங்க சார். என்னால உங்க பேரு கெட்டுப்போச்சு."

"எம் பேரு கெடக்கட்டும் புள்ள. புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவள் அம்மாதான் பேசினாள். "மறுபரீட்சை எழுத மாட்டேங்கிறா சார். மில்லு வேலைக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா. ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

அவருக்கு, சொல்லிச் சொல்லித்தானே இந்த நிலைமை என்று தோன்றியது. வெறும் கையோடு திரும்பி வந்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. வகுப்புக்குள் நுழைந்தால் அந்தப் பெண்ணின் குனிந்த தலைதான் கண்ணில் நின்றது. ஏன் சொல்லவில்லை? திட்டுகிற வாத்தியார் என்றால் சரி, பயம். இவர் ஒரு பிள்ளை மீதும் கை நீட்டியதில்லை. பிறகு ஏன்? இதற்கு விடை தெரியாமல் இனி ஒரு வகுப்புக்கும் போகப்போவதில்லை என்று முடிவெடுத்தார். மைத்துனனுடைய ஹார்டுவேர் கடையில் ஆள் தேவைப்பட்டது. ஆணிக்குப் புரிந்ததா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அப்போதுதான் அவருக்கு நரிக்குளம்பட்டிப் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது.

நரிக்குளம்பட்டி மல்லிகைத் தோட்டம் நிறைந்த ஊர். அங்கே எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு. ஒன்பதாவதுக்கு இவரிடம்தான் வருவார்கள். வருஷா வருஷம் அந்த ஊர்ப் பிள்ளைகளால் ஒரு தொந்தரவு. எல்லோரும் "புரிஞ்சுது சார்" என்று கத்தும்போது, சிவ பூஜையில் கரடி மாதிரி ஒரு கை மேலே போகும். "சார், அந்த மூணாவது வரி எப்படி வந்துச்சு?" இவருக்குச் சுருக்கென்று இருக்கும். "யாருகிட்ட படிச்ச நீ?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பதிலைச் சொல்லும்.

"மங்கை டீச்சர்கிட்ட சார்."

இன்னாசிமுத்து லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

மங்கையர்க்கரசி டீச்சரைப் பார்த்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லியான உருவம். கீச்சுக்குரல். அன்றைக்கு ஜலதோஷம் வேறு. பேச்சுக்குப் பேச்சு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார். உங்களைப் பத்திப் பிள்ளைக சொல்லும். கணக்குல கூத்தே கட்டுவீங்களாமே."

"அதைக் கேக்கத்தான் வந்தேன் டீச்சர். ஒரு வாத்தியாருக்கு என்ன வேணும்? பாடத்து மேல பைத்தியமா இருக்கணும். அது எங்கிட்ட இருக்கு. வேற எது இல்ல?"

"எனக்கெப்படி சார் தெரியும்? நான் உங்க கிளாஸ்ல உக்காந்ததில்லையே."

"அப்ப நான் உங்க கிளாஸ்ல உக்கார்றேன். என்னையும் ஒரு மாணவனாச் சேத்துக்கங்க."

"சார், நீங்க எனக்கு அண்ணன் மாதிரி."

"இருந்துட்டுப் போறேன். மாணவனாவும் இருக்கேன்."

டீச்சர் அவர் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"சரி. பெஞ்சுலதான் உக்காரணும். முட்டி இடிக்கும்."

இடித்தது.

ஆறாம் வகுப்பு. பின்னம் நடந்தது. டீச்சர் கரும்பலகையில் கால், அரை, முக்கால் என்று எழுதினாள். சாதாரணமாகச் சொன்னாள். ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. கடைசி பெஞ்சில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த இன்னாசிமுத்து, இதை நான் எடுத்திருந்தால் பிள்ளைகள் இந்நேரம் சிரித்துப் புரண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"அரை பெருசா, கால் பெருசா?"

காசிமாயன் என்கிற பையன் எழுந்தான். "சில சமயம் கால் பெருசு டீச்சர்."

வகுப்பு சிரித்தது. இன்னாசிமுத்துவும் சிரித்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தாள். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவரை அரிசியில் கல் பொறுக்குகிறவள் மாதிரி இருந்த முகம், திருவிழாவில் தேரைக் கண்ட முகமாக மாறிவிட்டது.

"எப்படிடா? எப்படி? சொல்லு, சொல்லு."

"சாமிக்குப் போடற மாலையில கால் பங்கை வெட்டி எடுத்தா, எங்கக்கா தலையில வெக்கிற ஒரு முழத்துல அரையைவிட அதுதானே டீச்சர் நீளம்?"

"ஏய்! எல்லாரும் கேட்டீங்களா? மாயன் என்ன சொல்றான்னு கேட்டீங்களா?"

பிடித்துக்கொண்டது. முழம் என்றால் யார் கை, எங்கள் அம்மா கை குட்டை, அவள் அளந்தால் ஊரில் சண்டை வரும் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். டீச்சர் ஒவ்வொரு வாயையும் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். மூக்கைத் துடைக்க மறந்துபோனாள். எதில் கால், எதில் அரை என்று சொல்லாமல் கால், அரை என்று பேசுவதில் அர்த்தமில்லை என்று அந்தப் பொடிசுகளே அடித்துப் பேசி முடிவுக்கு வந்தபோது மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் இன்னாசிமுத்து கேட்டார்.

"டீச்சர், பாடம் பாதியில நின்னுபோச்சே."

"ஆமா சார்."

"அந்தப் பையன் சொன்னது தப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாமே."

"தப்பா சார் அது?"

அவர் யோசித்துப் பார்த்தார். தப்பில்லை. இத்தனை வருஷம் கணக்கு எடுத்தவருக்கு இது அந்த இடத்தில் தோன்றவில்லை என்பது கொஞ்சம் உறுத்தியது.

"அது இருக்கட்டும். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே. எங்கிட்ட எது இல்ல?"

"இன்னும் கொஞ்ச நாள் உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். வாரம் ஓடியது. வகுப்பெல்லாம் இப்படியேதான் நடந்தது. டீச்சர் தான் பேசும்போது மங்கலாக இருப்பாள். ஒரு பிள்ளை வாயைத் திறந்தால் போதும், ஜொலிப்பாள். அதைக் கண்ணாரப் பார்த்தார். பார்த்தும் அதில் தனக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு கைத்தொழில். மல்லிகை விளைகிற ஊரில் கைத்தொழில் என்றால் வேறென்ன? பிள்ளைகள் வாழைநாரும் ஒரு கூடை மொட்டுமாக மரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

"சார், உங்களுக்குப் பூக் கட்டத் தெரியுமா?" என்றாள் டீச்சர்.

"தெரியாது."

"முத்துப்பேச்சி! சாருக்குச் சொல்லிக்கொடு."

முத்துப்பேச்சி ஏழாவது படிக்கிறாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே பூக் கட்டுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை. ஒரு வாத்தியாருக்கே வாத்தியாராகிவிட்ட பெருமை அவளுக்குத் தாங்கவில்லை. அவருக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாருங்க சார். ரெண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை, ரெண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை. கால் எல்லாம் நடுவுல. நாரை இப்படிச் சுத்தணும். விரல்ல ஒரு வளையம். மாட்டணும். இழுக்கணும். அவ்வளவுதான்!"

கண்ணை உருட்டினாள். தலையை ஆட்டினாள். மொட்டுகள் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருக்கின்றன, நார் வந்து ரெண்டு பேரையும் கட்டிப்போடுகிறது என்று கதையே சொன்னாள். இன்னாசிமுத்து சொக்கிப்போனார். அட, என்னை மாதிரியே சொல்லிக்கொடுக்கிறதே இந்தக் குட்டி!

அந்த வளையம் எங்கிருந்து வந்தது, எப்படி மாட்டியது என்பது மட்டும் அவருக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. விரல் போன வேகத்தில் கண் போகவில்லை.

"புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இந்தாங்க, கட்டுங்க" என்று நாரை நீட்டினாள்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். சுற்றினார். இழுத்தார். மொட்டெல்லாம் மடியில் உதிர்ந்தது. இன்னொரு தடவையும் உதிர்ந்தது. சுற்றியிருந்த பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

முத்துப்பேச்சி சிரிக்கவில்லை. அவர் கையையே உற்றுப் பார்த்தாள்.

"சார், நீங்க எப்படிச் சுத்தினீங்க? மெதுவா எனக்குக் காட்டுங்க."

காட்டினார்.

"அட! நான் எதுத்தாப்புல உக்காந்ததால உங்களுக்கு எல்லாம் பக்கம் மாறித் தெரிஞ்சிருக்கு சார். நகருங்க" என்று எழுந்துவந்து அவர் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தாள். இந்த முறை அவள் வாய் பேசவில்லை. அவர் விரல் தப்பாகப் போகிற இடத்தில் மட்டும் தன் விரலை வைத்து நிறுத்தினாள்.

மணி அடிப்பதற்குள் இன்னாசிமுத்து ஒரு சாண் பூக் கட்டிவிட்டார். கோணல்மாணல்தான். அதற்கென்ன? பிள்ளைகள் கை தட்டினார்கள். வாழ்நாளெல்லாம் கைதட்டல் வாங்கியவருக்கு இந்தக் கைதட்டலில் கூச்சமாக இருந்தது.

பிள்ளைகள் கலைந்த பிறகு டீச்சர் வந்து அருகில் உட்கார்ந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"முதல்ல அவ கேட்டப்ப உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்ப ஏன் புரிஞ்சுதுன்னீங்க?"

"அட போங்க டீச்சர். அந்தப் புள்ள எவ்வளவு ஆசையாச் சொல்லிக்கொடுத்துச்சு! அந்த முகத்தைப் பாத்துட்டு யாராவது இல்லைன்னு சொல்லுவாங்களா? மனசு நோகுமே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

டீச்சர் உதிர்ந்து கிடந்த மொட்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜெனிபா," என்றார் அவர். பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி முழுவதையும் சொன்னார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஜெனிபா சொல்லாமல் இருந்தது பயத்தால் இல்லை. அவள் இவருக்காக இரங்கியிருக்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளை, இந்த மனுஷன் இவ்வளவு பாடுபடுகிறாரே என்று, தன் பரீட்சையையே பலி கொடுத்து இவர் மனசைக் காப்பாற்றியிருக்கிறாள். இவர் அதைக் கைதட்டல் என்று நினைத்துவிட்டார்.

"அப்ப நான் ஆடினதும் பாடினதும்தான் தப்பா டீச்சர்? வாயை மூடிக்கிட்டுக் கணக்குப் போட்டுட்டுப் போயிருக்கணுமா?"

"திங்கக்கிழமை ஏழாவதுக்கு நீங்க கிளாஸ் எடுங்க சார். நான் பெஞ்சுல உக்கார்றேன்."

"நான் எடுக்கவா? இவ்வளவு தெரிஞ்ச பிறகா?"

"உங்களுக்கு எப்படி வருமோ அப்படியே எடுங்க. எனக்கும் கூத்துப் பாக்க ஆசை இருக்காதா?"

திங்கட்கிழமை வந்தது. குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் மிகை எண் வருகிறது என்பது பாடம். இன்னாசிமுத்துவுக்குக் கைவந்த பாடம். தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். ஆனால் பாடம் மனுஷரை விடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். "நான் இப்ப பின்னாடி திரும்பியாச்சு. இனி பின்னாடியே நடக்கிறேன். எங்க வர்றேன்?" என்று பின்பக்கமாகவே நடந்து, மேசையில் இடித்து, முன்பெஞ்சுப் பிள்ளையின் மடியில் விழப்பார்த்தார். "முன்னாடி! முன்னாடி!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். மங்கை டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த அறை அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் கண்டிருக்காது.

முடித்தார். ஊறிப்போன பழக்கம், வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சா...ர்!"

மங்கை டீச்சரிடம் படிக்கிற பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள்! அதிலும் உரத்த குரல் முத்துப்பேச்சியுடையது. முகமெல்லாம் சிரிப்பு. தலை வேகமாக ஆடியது.

அந்தத் தலையாட்டலை இன்னாசிமுத்துவுக்கு இப்போது நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை அவரே ஆட்டியதுதான்.

சாக்பீஸை வைத்துவிட்டு நேரே அவளிடம் போனார். "தள்ளிக்க" என்று அந்தப் பெஞ்சிலேயே இடுக்கி உட்கார்ந்தார். வகுப்பு கப்சிப் என்று ஆனது.

"முத்துப்பேச்சி, நீ பூக் கட்டச் சொல்லித்தந்துட்டு, புரிஞ்சுதான்னு கேட்டல்ல? நான் புரிஞ்சுதுன்னு சொன்னேன். அது பொய்யி."

அவள் விழித்தாள்.

"எனக்கு ஒரு மண்ணும் புரியல. நீ அவ்வளவு ஆசையாச் சொன்னியா, உன் மனசு நோகுமேன்னு தலையாட்டிட்டேன்."

அவள் உதடு மெல்ல விரிந்தது.

"அப்ப நானும் பொய்தான் சார் சொன்னேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "சார், நானும்." இன்னொரு கை எழுந்தது. "நானும் சார்." "நான் முதல்லயே விட்டுட்டேன் சார்." எழுந்த கைகளைப் பார்த்தால் எழாத கைகள் குறைவாக இருந்தன.

இத்தனை வருஷத்தில் இந்தக் காட்சியைக் கனவில் கண்டிருந்தால்கூட இன்னாசிமுத்து அலறி எழுந்திருப்பார். இப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. மார்பிலிருந்து ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"எந்த இடத்துல விட்டுச்சு? நீ சொல்லு."

முத்துப்பேச்சி சொன்னாள். "நீங்க திரும்பி நின்னீங்க, பின்னாடி நடந்தீங்க, முன்னாடி வந்தீங்க. அதெல்லாம் தெரியுது சார். ஆனா அதுல பெருக்கல் எங்க இருக்கு? நடக்கறதுக்கும் பெருக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

இன்னாசிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை வருஷம் பின்னால் நடந்திருப்பார்! ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை.

"ஏய்," என்றார். "நல்லாக் கேட்ட. ரொம்ப நல்லாக் கேட்ட. எல்லாரும் கேட்டீங்களா இவ என்ன சொல்றான்னு?"

அதன்பிறகு அந்த வகுப்பில் அவர் பேசியது கொஞ்சம். பெஞ்சை விட்டு எழவும் இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரை மங்கை டீச்சர் கூட நடந்து வந்தாள்.

"நம்ப முடியல டீச்சர். முதல் நாள் கிளாஸ். சரியாப் பழக்கம்கூட இல்லாத வாத்தியார். என்கிட்ட எப்படி இந்தப் பிள்ளைக அத்தனை பேரும் உண்மையைச் சொன்னாங்க?"

"உங்களை அவ்வளவு பிடிச்சுப்போச்சு சார் அவங்களுக்கு. எங்கிட்ட 'புரியல'ங்கிற வார்த்தை வர வருஷா வருஷம் தீபாவளி ஆயிரும். எனக்கு உங்களை மாதிரி ஆடத் தெரியாதே."

அவர் நின்றுவிட்டார்.

"அப்ப ஆட்டத்தை நான் விடவேண்டாமா?"

"விட்டீங்கன்னா நானே சண்டைக்கு வருவேன்."

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. இன்னாசிமுத்து அவசரமாகச் சட்டைப் பையைத் தடவிப் பேனாவை எடுத்தார்.

"நேரா ஜெனிபா வீட்டுக்குத்தான் போறேன். மறுபரீட்சைக்கு நாள் ரொம்பக் குறைச்சல் டீச்சர். இயற்கணிதத்துல ஆரம்பிக்கட்டுமா, வடிவியல்ல ஆரம்பிக்கட்டுமா? எது முதல்ல சொல்லிக்கொடுத்தா அந்தப் புள்ள தேறும்?"

"பேனாவை உள்ள வைங்க சார். நீங்க முத்துப்பேச்சிகிட்டப் பொய் சொன்ன கதையை முதல்ல அவகிட்டச் சொல்லுங்க. எங்க ஆரம்பிக்கணும்னு அப்புறம் அவளே சொல்லுவா."